அக்காவுக்கு: கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தேன்

அக்கா,

"காரோட ஆர்.சி. முடியப் போகுது, என்ன பண்ணலாம், நீயே சொல்லு" என்று போன வாரம் ஃபோனில் கேட்டாய். பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். இப்போது பார்த்தாகிவிட்டது. உன் மாருதி 800 காரை இனிமேல் ரிப்பேர் செய்யப் போவதில்லை.

பார்ட்ஸ் வரவில்லை என்று மூன்று வாரமாக உன்னிடம் சொன்னது பொய். பார்ட்ஸ் எல்லாம் சேலத்திலேயே கிடைக்கிறது. 800 வருவது 2014 ஜனவரியோடு நின்றாலும், அதே எஞ்சின் குடும்பம் ஆம்னியில் 2019 வரை ஓடியது. பிஸ்டன், ரிங், கேஸ்கெட், வாட்டர் பம்ப் எதற்கும் பஞ்சமில்லை. வண்டியை உன் கையில் திருப்பிக் கொடுக்க மனசு வராமல்தான் அப்படிச் சொன்னேன். மூன்று வாரமாக ஏற்காட்டில் ஒண்டிக்கடை வரை நடந்து பஸ் பிடித்துப் பள்ளிக்கூடம் போகிறாய் என்று தெரியும். மன்னித்துக்கொள்.

நேரில் சொன்னால் பாதியில் எழுந்து காபி போடப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இதே கேள்வியோடு என் பட்டறைக்கு வருகிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் போடுகிறேன். நம் குடும்பத்தாரும் படிப்பார்கள், அதனால் சில விஷயங்களைத் தொடமாட்டேன்.

பழைய காரைக் கொண்டுவருகிற எல்லோரும் எஞ்சினைத்தான் காட்டுகிறார்கள். புகை வருகிறது, இழுக்கவில்லை, ஆயில் குடிக்கிறது என்கிறார்கள். நானும் போன வருஷம் அதைத்தான் பார்த்தேன். கோடை விழாக் கூட்டத்தில், வளைவுக்கு வளைவு நின்று நின்று ஏறினபோது ரேடியேட்டர் ஃபேன் சுற்றாமல் சூடேறியது. ஃபேன் சுவிட்ச் போயிருந்தது. சமவெளியில் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்த்துவிடும், அதனால் ஃபேன் செத்திருப்பது தெரியாது. மலையில் முதல் கியரில் ஊர்ந்தால் காற்று ஏது? எஞ்சினின் மேல்மூடியான ஹெட் அலுமினியம், கீழே பிளாக் இரும்பு. சூட்டில் இரண்டும் ஒரே அளவு விரியாது. ஹெட் வளைந்து, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கேஸ்கெட் போய்விட்டது. தண்ணீர் ஆயிலில் கலந்து, ஆயில் மூடியின் உள்பக்கம் தயிர் மாதிரி வெள்ளையாக அப்பியிருந்ததை உனக்குக் காட்டினேன், நினைவிருக்கும்.

வேலையை முறையாகத்தான் செய்தேன். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தமாக அமுங்குகிறது என்று பார்த்தேன்: மூன்று பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க அமுக்கி, செல்ஃப் அடித்து. ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. குறைகிற சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரும் சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கெட் எரிந்திருக்கிறது. உன் வண்டியில் அந்தக் கடைசிதான். ஹெட்டின் மேல் நேர்விளிம்புப் பட்டையை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தேன். 0.05 மில்லிமீட்டர் தகடு நுழைந்தால் அப்படியே பூட்டக்கூடாது. நுழைந்தது. லேத்தில் ஃபேசிங் போட்டுச் சமமாக்கி, ரிங், வால்வு, டைமிங் பெல்ட், கிளட்ச் என்று 34,000 ரூபாய். அது உன் பணம்.

இன்றைக்கும் அந்த எஞ்சின் தங்கம். எனக்கு வயிற்றெரிச்சலே அதுதான்.

ஏனென்றால் இந்தத் தடவை, ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைத் தயார் செய்யலாம் என்று முதல் தடவையாக டிரைவர் பக்கத்துக் கார்ப்பெட்டைத் தூக்கினேன். அடியில் இருக்கும் கம்பளி மெத்தை ஈரமாக இருந்தது. பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. தரைத் தகட்டில் திருப்புளியைக் குத்தினேன், பொரித்த அப்பளத்தைக் குத்தின மாதிரி உடைந்து உள்ளே போனது. கீழே பட்டறைத் தரை தெரிந்தது. ராம்பில் ஏற்றினால், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற லோயர் ஆர்ம் பூட்டுகிற இடத்திலும் ஜாக்கி வைக்கிற விளிம்பிலும் துரு அடுக்கடுக்காகப் பெயர்ந்து வருகிறது. முன் ஷாக் அப்சார்பரான ஸ்ட்ரட்டின் மேல்முனை பூட்டுகிற மேடையில் வெல்டிங்கை ஒட்டி மயிரிழை மாதிரி வெடிப்பு.

எங்கிருந்து தண்ணீர் என்றால், உன் வீட்டு சில்வர் ஓக் மரத்தடிதான். வைப்பருக்குக் கீழே இருக்கிற சல்லடைக்குள் அந்த இலை விழுந்து மக்கி, தண்ணீர் வெளியேறுகிற துளையை அடைத்துவிட்டது. மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் உள்பக்கமாக இறங்கிக் கார்ப்பெட்டுக்கு அடியில் தங்கியிருக்கிறது. சேலம் வெயிலில் இரண்டு நாளில் காய்ந்துவிடும். 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனியில், கதவைச் சாத்தி வைத்த காரில் எப்படிக் காயும்? மலையில் கார் வைத்திருக்கிற எல்லோரும் மாதம் ஒரு தடவை பானெட்டைத் திறந்து அந்த இலையை வழித்துப் போடுங்கள். கதவின் கீழ் விளிம்பில் இருக்கிற சின்னத் துளைகளைக் கம்பியால் குத்திவிடுங்கள். துருவின் மேல் கறுப்பு கோட்டிங் அடிக்கச் சொல்லாதீர்கள். அது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதற்குச் சமம்.

மரத்தடியில் நிறுத்தாதே என்று உன்னிடம் சொல்லியிருக்கலாம். கார்ப்பெட்டைப் போன வருஷமே தூக்கியிருக்கலாம். பத்து நிமிஷ வேலை, இரண்டு ஸ்குரு. அதைச் செய்திருந்தால் அந்த 34,000-ஐச் செலவு பண்ண விட்டிருக்க மாட்டேன்.

ஆனால் எஞ்சின் வேலைக்கு முன்னாலேயே "வித்துடலாமாடா" என்று நீ கேட்டாய். எதற்குக் கேட்டாய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அம்மா இதைப் படிக்க மாட்டாள். படித்துக் காட்டுகிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போங்கள்.

ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். அம்மா பின்சீட்டில் தூக்கம். இருபது வளைவில் பாதிகூடத் தாண்டவில்லை. ஒரு வளைவுக்கு முன்னால் நீ பிரேக்கை மிதித்தாய், பெடல் சத்தமில்லாமல் தரைக்குப் போய்விட்டது. நீ கத்தவில்லை. செருப்பை உதறிவிட்டு, வெறுங்காலால் பெடலைப் படபடவென்று மிதித்தாய், இரண்டாம் கியருக்கு அடித்தாய், ஹேண்ட் பிரேக்கைப் பல் பல்லாக இழுத்தாய். வண்டி வளைவின் உள்பக்கச் சாக்கடை ஓரத்தில், பாறையிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றது. பிரேக் லைனிங் கருகின நாற்றம். மேலே சுவரில் ஒரு குரங்கு குட்டியோடு உட்கார்ந்திருந்தது. நீ ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை, உன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாய். அம்மா எழுந்து, "ஊர் வந்துருச்சா" என்றாள். "இன்னும் இல்லம்மா, தூங்குங்க" என்றாய்.

அரைமணி நேரம் கழித்து பெடல் பழையபடி கெட்டியானது. அப்போது நான் உன்னிடம், "பழைய வண்டிக்கா, அப்படித்தான் பண்ணும்" என்றேன்.

அப்படி இல்லை. வண்டியின் வயசுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்கிற ரகத்தில் புது ஆயில் 205 டிகிரியில்தான் கொதிக்க ஆரம்பிக்கும். ஈரம் ஏறினது 140-லேயே கொதித்துவிடும். கொதித்தால் பைப்புக்குள் ஆவிக் குமிழி. ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால் காலின் அழுத்தம் சக்கரத்துக்குப் போகாமல் குமிழியோடு நின்றுவிடும். ஆறினதும் குமிழி மறைந்து பெடல் திரும்பிவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பழசை முழுக்க வெளியே எடுத்து, பெடல் அமுக்குகிற மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான பின் இடது சக்கரத்தில் ஆரம்பித்து, ஒவ்வொன்றாக பைப்பில் இருக்கிற காற்றை வெளியே எடுக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டில் இரண்டு போதும். நான் நாலு வருஷமாகப் பழசை எடுக்காமல், குறைந்த அளவை மட்டும் மேலே ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன். தேன் நிறத்தில் இருக்க வேண்டியது காபி டிக்காஷன் மாதிரி இருந்ததைப் பார்த்துக்கொண்டுதான் ஊற்றினேன்.

நீ மூன்றாம் கியரில் இறக்கினாய், அதுவும் உண்மை. எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு, காலைப் பிரேக்கிலேயே வைத்திருக்காதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அதைச் சொல்லித் தப்பிக்கிற தகுதி எனக்கு இல்லை.

நீ விற்கலாம் என்றபோது நான் வேண்டாம் என்றேன். 2005-ல் உன் சம்பளச் சேமிப்பில் வந்த வண்டி. நான் முதன்முதலில் கழற்றிப் பூட்டின கார்பன் படிந்த பிளக் அதனுடையது. என் ஆசைக்கு உன் காசைச் செலவழிக்க வைத்தேன். நீயும் ஏன் ஒத்துக்கொண்டாய்? "நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டால் உன் வேலை முடிந்தது, இல்லையா? அம்மா ஆஸ்பத்திரி விஷயம், அந்தப் பட்டா விஷயம், எல்லாம் "நீயே பாத்துக்கோ". தப்பானால் அதுவும் என் தலையில்தான். சரி, இதை இங்கே வளர்க்க வேண்டாம்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீ என்னைக் கேட்கக்கூடாது. தரை இரண்டு பக்கமும் வெட்டி எடுத்துப் புதுத் தகடு, கதவுக்குக் கீழே ஓடுகிற ரன்னிங் போர்டு, டிங்கரிங், பெயின்ட் சேர்த்து 45,000. டயர் 145/70 ஆர் 12, நாலுக்கு 11,200. ஆர்.சி. புதுப்பிக்க 25-ஆம் எண் படிவம் கொடுக்க வேண்டும். 15 வருஷம் தாண்டின காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 20 வருஷம் தாண்டினால் இப்போது 10,000. மொத்தம் 66,200. இரண்டு வருஷம் ஓட்டினால் மாதத்துக்கு 2,758 ரூபாய். வேறு கார் வாங்க மூன்று லட்சம் கடன், 10 சதவீத வட்டி, ஐந்து வருஷம் என்றால் மாதத் தவணை 6,374. வண்டியின் விற்பனை விலையைவிட ரிப்பேர் செலவு அதிகமானால் தூக்கிப் போடு என்று சொல்கிறார்களே, அது தப்பான கணக்கு. ரிப்பேர் முடிந்து எத்தனை மாதம் நம்பி ஓட்டலாம் என்றுதான் வகுத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் காசு விஷயத்தில் ரிப்பேர்தான் ஜெயிக்கிறது.

இருந்தும் வேண்டாம் என்கிறேன். இந்த மாதிரிக் காருக்குத் தனியாக அடிச்சட்டம் (சேஸிஸ்) கிடையாது. தரை, தூண், ரன்னிங் போர்டு எல்லாம் ஒன்றாக வெல்டிங் ஆன கூடுதான் வண்டியைத் தாங்குகிறது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தகடு. புதுத் தகட்டை வைத்து வெல்டிங் அடித்தால், வெல்டிங்குக்குப் பக்கத்தில் பழைய தகடு துருவில் மெலிந்துதான் இருக்கும். அடுத்த வெடிப்பு அங்கேதான் விழும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் இழுக்கிற இழுவையை முன் சஸ்பென்ஷன் பூட்டுகிற இடங்கள்தான் தாங்க வேண்டும். சேலம் டவுனுக்குள் 30-ல் ஓட்டுகிறவர்களுக்கு நான் வெல்டிங் அடித்துக் கொடுத்திருக்கிறேன், இனியும் கொடுப்பேன். வாரம் இரண்டு தடவை 20 வளைவு ஏறி இறங்குகிற உனக்குக் கொடுக்க மாட்டேன். எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் எது போனாலும் மாற்றலாம். கூட்டை மாற்ற முடியாது.

வாங்கப்போவது 2019-க்குப் பிறகு வந்ததாக இருக்கட்டும். அந்த வருஷத்திலிருந்துதான் எல்லாப் புதுக் காருக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏ.பி.எஸ்.ஸும் டிரைவர் ஏர்பேகும் கட்டாயம். பெட்ரோல்தான். பள்ளிக்கூடத்துக்கு மூன்று கிலோமீட்டர் போய் வருவதற்கு டீசல் வேண்டாம், பி.எஸ்.6 புகை விதிப்படி வந்த டீசல் காரில் புகைக்கரியை எரிக்கிற ஃபில்டர் சூடேறவே நேரம் பத்தாது, அடைத்துக்கொள்ளும். யார் காட்டினாலும் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார், அடியில் சேற்றுக் கோடு இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. அப்புறம் கார்ப்பெட்டைத் தூக்கு. நான் கூட வருகிறேன், ஆனால் கையால் தூக்கிப் பார்க்க வேண்டியது நீ.

மாருதியைக் காயலான் கடையில் போட வேண்டாம். ஆர்.சி. உன் பெயரிலேயே இருக்கும். நாளைக்கு அந்த நம்பர் எங்கே ஓடினாலும் நீதான் பதில் சொல்ல வேண்டும். அரசு பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்து வண்டியை ஒப்படைத்ததற்கான டெபாசிட் சான்றிதழ் வாங்கலாம், புது வண்டி எடுத்தால் பதிவுக் கட்டணம் மிச்சம். சனிக்கிழமை வரும்போது ஒரிஜினல் ஆர்.சி., இன்சூரன்ஸ், ஆதார் நகல், உன்னிடம் இருக்கிற சாவி எல்லாம் எடுத்து வா. பேட்டரி போட்டு ஆறு மாதம்தான் ஆகிறது, அதை நான் கழற்றி வைத்துவிட்டேன். கண்ணாடியில் தொங்கின மணியையும்.