மொனே வரையாத கோட்டை

பாரிஸ்

அன்புள்ள குமார்,

உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகத் தங்கச்சி போனில் சொன்னாள். சொட்டு மருந்தை ஒழுங்காகப் போட்டுக்கொள், வெயிலில் சுற்றாதே. இங்கே எல்லாரும் சுகம்.

போன வாரம் பேரனை இழுத்துக்கொண்டு ஓர்சே மியூசியம் போனேன். பிரெஞ்சு ஓவியர் மொனே 1886இல், பிரான்ஸின் மேற்குக் கடலோரம் இருக்கும் பெல் ஈல் தீவில் வரைந்த பாறைகள் அங்கே இருக்கின்றன. நீ பார்த்திருந்தால் நகர்ந்திருக்க மாட்டாய். மேலே வானத்துக்குக் கொஞ்சூண்டு இடம்தான். மீதியெல்லாம் பாறையும் தண்ணீரும். தூரத்திலிருந்து கறுப்பாகத் தெரிந்த பாறை, கிட்டே போனால் ஊதாவும் கரும்பச்சையுமாகப் பிரிகிறது. படகு இல்லை, ஆள் இல்லை. பேரன் "தாத்தா, இதில் ஒன்றுமே இல்லையே" என்றான்!

அந்தத் தீவில் லு பாலே துறைமுகத்துக்கு மேலே, பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் வோபான் பலப்படுத்திய பெரிய கோட்டை நிற்கிறது. மொனே அந்தப் பக்கம் தங்கவில்லை. மேற்குக் கரையில், புயல் நேராக வந்து மோதும் இடத்தில் ஒரு குக்கிராமத்தில் தங்கினார். கொஞ்ச நாள் இருக்கலாம் என்று வந்தவர், செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை கிளம்பவில்லை. கித்தான்களைச் சுமக்க போலி என்ற உள்ளூர்க்காரரைச் சேர்த்துக்கொண்டு, அவர் முகத்தையும் வரைந்தார். கோட்டையை விட்டது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. மதில் ஒன்று படத்துக்குள் வந்துவிட்டால் நம் கண் அங்கே போய்ச் சண்டைக் கதை தேட ஆரம்பித்துவிடும், கடல் பின்னால் தொங்கும் படுதாவாகிவிடும்.

கதைக்கும் பஞ்சமில்லை. 1761 ஜனவரியில் நம் புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஜூனில் இந்தத் தீவையும். 1763 பாரிஸ் உடன்படிக்கையில் இரண்டுமே பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பின. ஆனால் நம் புதுச்சேரிக் கோட்டையை அதற்குள் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளியிருந்தார்கள்.

அப்புறம், ஜான் பீட்டர் ரஸ்ஸல் என்ற ஆஸ்திரேலிய ஓவியரைத் தேடிப் பார். மொனேயை அந்தத் தீவில்தான் சந்தித்தார், பிறகு அங்கேயே வீடு கட்டிக்கொண்டார். பழுப்பு நிறத்தில் வரைந்துகொண்டிருந்த இளம் ஓவியர் மத்தீஸுக்கு வண்ணத்தின் ருசியைக் காட்டியது அவர்தான். ஓவியர் வான்காவின் கோட்டோவியம் ஒன்றையும் மத்தீஸுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். அந்த மனசுக்குக் கிடைத்த பெயர் போதாது.

மொனே பாறைப் படம் போட்ட தபால் அட்டை ஒன்று அனுப்புகிறேன். ஊதா சரியாக அச்சாகவில்லை, பொறுத்துக்கொள். டாக்டர் சரி என்றதும் வாட்டர்கலர் பெட்டியைத் திறந்து, என்ன வரைந்தாய் என்று எழுது.

அன்புடன்,
செல்வம்