நீதிபதி மீது கொடுத்த புகார் என்ன ஆனது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 செப்டம்பரில் காஞ்சிபுரம் முதன்மை மாவட்ட நீதிபதி ஒரு டி.எஸ்.பி.யைச் சிறைக்கு அனுப்ப உத்தரவிட்டதும், உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ததும், சொந்தப் பகைதான் காரணம் என்று எழுந்த குற்றச்சாட்டை உயர் நீதிமன்றத்தின் விஜிலென்ஸ் (கண்காணிப்பு) பதிவாளர் விசாரிக்க வேண்டும் என்று சொன்னதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். டீக்கடையில் அன்று பலரும் "ஜட்ஜ் மேலயே விசாரணையா!" என்று வியந்தார்கள். முப்பது வருடம் கோர்ட்டில் வேலை பார்த்து சிரஸ்தாராக (கோர்ட் அலுவலகத் தலைமை ஊழியர்) ஓய்வு பெற்ற எனக்கு வியப்பு வேறு மாதிரி. அங்கே பாதிக்கப்பட்டவர் டி.எஸ்.பி. அதனால் விஷயம் உடனே உயர் நீதிமன்றம் போனது. ஒரு பஸ் டிரைவராக இருந்திருந்தால்?

சும்மா சொல்லவில்லை. நான் பெஞ்ச் கிளார்க்காக இருந்த ஊரில், மாஜிஸ்திரேட்டின் காருக்கு வழிவிடவில்லை என்று ஒரு டிரைவரைப் போலீஸை விட்டுக் கூட்டி வந்தார்கள். வழக்கு கிடையாது, எஃப்.ஐ.ஆர். கிடையாது. காக்கிச் சட்டையோடு காலையிலிருந்து கோர்ட் கலையும் வரை வாசல் ஓரமாக நின்றார். ஒரு வார்த்தைகூட எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. பார் அசோசியேஷனில் முணுமுணுத்தார்கள், அவ்வளவுதான். மறுநாள் அதே வக்கீல்கள் அதே மேசை முன்னால் ஜாமீன் கேட்டு நிற்க வேண்டுமே. நானும் வாயைத் திறக்கவில்லை. அதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

கீழமை நீதிபதிகள் மீது நடவடிக்கை எடுக்கச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. உயர் நீதிமன்ற நீதிபதியை நீக்க நாடாளுமன்றமே கூட வேண்டும். ஆனால் முன்சீப் முதல் மாவட்ட நீதிபதி வரை அரசியல் சாசனத்தின் 235-வது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள். விளக்கம் கேட்கும் மெமோ, இடமாற்றம், சஸ்பெண்ட், கட்டாய ஓய்வுக்கோ பணிநீக்கத்துக்கோ ஆளுநருக்குப் பரிந்துரை என்று எல்லா ஆயுதமும் அங்கே இருக்கிறது. 50, 55, 58 வயதில் பணியில் தொடரலாமா என்று பரிசீலனையும் உண்டு. அதில் வீட்டுக்கு அனுப்பினால் அது தண்டனைக் கணக்கில் வராது, பென்ஷனும் உண்டு. சங்கடமான ஆட்களைச் சத்தமில்லாமல் கழற்றிவிட வசதியான கதவு அது என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தோற்ற கட்சிக்காரர் எல்லாம் புகார் எழுத ஆரம்பித்தால் எந்த நீதிபதியும் துணிந்து ஜாமீன் தர மாட்டார். பீகாரில் கிருஷ்ண பிரசாத் வர்மா என்ற நீதிபதிக்கு, அவர் பிறப்பித்த உத்தரவுகளுக்காகவே இரண்டு ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, உத்தரவு தவறு என்பதற்காக மட்டும் ஒழுங்கு நடவடிக்கை கூடாது என்றது. சரியான தீர்ப்பு. தப்பான உத்தரவுக்கு அப்பீல் இருக்கிறது. டிரைவரை நிற்க வைத்ததற்கு எங்கே அப்பீல் போவது? 2016-ல் சத்தியமங்கலத்தில், தன் வீட்டு உள்ளாடைகளைத் துவைக்கவில்லை என்று பெண் அலுவலக உதவியாளருக்கு சார்பு நீதிமன்ற நீதிபதி ஒருவர் மெமோ கொடுத்தாரே, அதற்கு எந்தச் சட்டப் பிரிவில் அப்பீல்? அந்த மெமோ காகிதத்தில் இருந்ததால் பத்திரிகைக்கு வந்தது. வாயால் சொன்னதோடு விட்டிருந்தால் எதுவும் தெரிந்திருக்காது. ஊழியர்கள் நீதிபதி வீட்டில் காய்கறி நறுக்குவதும் அவர் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் மெமோவில் வருவதில்லை.

புகார் கொடுக்கும் வழிதான் முள்ளாக இருக்கிறது. பிரமாணப் பத்திரமும் சரிபார்க்கத்தக்க ஆதாரமும் இல்லாத புகாரை எடுக்க வேண்டாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் எழுதினார். மொட்டைக் கடிதத் தொல்லையை நான் நேரில் பார்த்தவன், காரணம் புரிகிறது. ஆனால் சம்பளமும் மாறுதலும் அதே நீதிபதியின் கையில் இருக்கும் ஊழியர் எப்படிப் பெயர் போட்டுச் சத்தியம் செய்வார்? அப்படியே துணிந்து கொடுத்தாலும் என்ன ஆனது என்று தெரிவதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால், ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கை தனிப்பட்ட தகவல் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டித் தட்டிக் கழிக்கலாம். அப்புறம் திடீரென்று அந்த நீதிபதி வேறு மாவட்டத்துக்கு மாற்றப்படுவார். அது தண்டனையா, வழக்கமான மாறுதலா? போன ஊர்க்காரர்களுக்குக்கூடத் தெரியாது.

நீதிபதியின் பெயரைச் சந்தி சிரிக்க வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. புகாருக்கு ஒரு எண் கொடுங்கள். ஆறு மாதத்துக்குள் ஏற்றோம், தள்ளினோம் என்று ஒரு வரியில் பதில் போடுங்கள். வருடத்துக்கு எத்தனை புகார் வந்தது, எத்தனை தள்ளுபடி, எத்தனை பேர் மீது நடவடிக்கை என்ற கணக்கை மாவட்ட வாரியாக உயர் நீதிமன்ற இணையதளத்தில் போடுங்கள். கோர்ட் ஊழியர் கொடுக்கும் புகாரை, பெயரை மூடி வைத்து வேறு மாவட்ட நீதிபதியைக் கொண்டு விசாரியுங்கள். இதற்கெல்லாம் புதுச் சட்டம் வேண்டாம், 235-வது பிரிவே போதும்.

கீழே என் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மகன் இன்னும் கோர்ட்டில்தான் வேலை பார்க்கிறான்.

ஓய்வுபெற்ற சிரஸ்தார்,
நாமக்கல் மாவட்டம்.