ஹார்பர் தாத்தாவுக்கு ஒரு பக்கம் எழுது

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை. மெல்பர்னில் குளிர் ஆரம்பித்துவிட்டதா? குழந்தைக்குச் சளி என்றாயே, இப்போது எப்படி இருக்கிறது?

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் சொன்னால் நீ கட்டைவிரலைக் காட்டிவிட்டு மறந்துவிடுவாய். ஹார்பர் தாத்தா ஓய்வு பெறுகிறார். சிங்கப்பூர் துறைமுகத்திலிருந்து அவர் எப்போதோ ஓய்வு பெற்றாயிற்றே என்று கேட்பாய். இது சரக்குக் கணக்கெடுக்கும் அந்த டாலி கிளார்க் வேலையில்லை. ஊரார் சண்டையைத் தீர்க்கிறாரே, சம்பளமில்லாத அந்த வேலை. வயது எண்பது தாண்டிவிட்டது. ஆனால் அவர் சொல்லும் காரணம் வயதில்லை. "கேக்குறதுதான்ப்பா நம்ம தொழிலு. காதே போனப்புறம் என்ன சமரசம்?" என்கிறார். காதுக் கருவி மாட்டியிருக்கிறார், பாதி நேரம் அது சட்டைப் பையில்தான் கிடக்கிறது.

அடுத்த மாதம் நம் அடுக்குமாடி புளோக்கின் குடியிருப்பாளர் குழு அறையில் அவருக்கு ஒரு சின்ன விருந்து. அதைப் பேச உட்கார்ந்த முதல் கூட்டத்திலேயே சண்டை! மாலை போடலாமா கூடாதா, பிரியாணியா சைவமா, ஹலாலுக்குத் தனி மேசையா என்று ஒன்றரை மணி நேரம். கடைசியில் ஹலால் கடையிலிருந்து சைவ நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, என்று முடிவானது. மாலை விவகாரம் இன்னும் தீரவில்லை. அவரைக் கூப்பிட்டுத்தான் தீர்க்க வேண்டும் போலிருக்கிறது.

பழக்கமானவர்கள் எல்லாரிடமும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி வாங்கி, தைத்து அவர் கையில் கொடுக்கப் போகிறோம். உன் பக்கம் எனக்கு வேண்டும். ஏன் உன்னிடம் கேட்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால் 1996 தீபாவளிக்குப் போக வேண்டும்.

நீ அப்போது தொடக்கநிலை மூன்று. நாம் எட்டாவது மாடி, நமக்கு நேர் மேலே ஒன்பதில் அந்தச் சீனப் பாட்டி, ஆ மா. நம் துணி காயும் மூங்கில் கழிக்கு மேலே அவருடைய கழி. அவர் பிழியாமல் போடும் துணியிலிருந்து சொட்டுவதெல்லாம் நம் துணியில். அம்மா போடும் சாம்பிராணிப் புகையெல்லாம் மேலே அவர் வீட்டில். ஒரு வருடமாக ஜன்னல் வழியாக ஏச்சுப் பேச்சு. அவர் ஹொக்கியன் சீனத்தில் திட்ட, நான் தமிழில் திட்ட, இரண்டு பேருக்கும் ஒரு சொல் புரியாது, ஆனால் எல்லாம் புரிந்தது. தீபாவளிக்கு முதல் நாள் என் புது வேட்டியை அலசிப் போட்டிருந்தேன். அதன்மேல் அவருடைய தரை துடைக்கும் மோப்பு, கறுப்புத் தண்ணீராய்ச் சொட்டிக்கொண்டு. அப்புறம் மோப்பு எட்டு மாடி கீழே போய் விழுந்தது. கீழே நடைபாதை. நல்ல வேளை, யாரும் இல்லை.

ஆ மாவின் மகன் இறங்கி வந்து நம் வாசலில் நின்று கத்தினான். நானும் சட்டைக் கையை மடித்துவிட்டேன். அம்மாதான் உள்ளே போய் அடுத்த புளோக்குக்குத் தொலைபேசி அடித்தாள்.

ஹார்பர் தாத்தா வந்தார். ஒரு குவளை தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். நீதி நியாயம் ஒன்றும் பேசவில்லை. என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அந்த அம்மா இப்ப இங்க உக்காந்திருந்தா என்ன சொல்லும்? அதும் வாயால நீ சொல்லு." நான் ஆரம்பித்து ஆரம்பித்து நிறுத்தினேன். "சாம்பிராணி..." என்பதோடு தொண்டை அடைத்துக்கொண்டது. அப்புறம் மேலே ஏறிப் போனார். ஒரு மணி நேரம். அவரும் ஆ மாவும் பேசியது துறைமுகத்தில் தாத்தா பழகிய பாசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சு மலாயில். ஆ மாவிடமும் அதே கேள்விதான் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

தீர்வைச் சொன்னது அவர் இல்லை, ஆ மா. ஈரத்துணி போடும் முன் கழியால் சுவரில் இரண்டு தட்டு, நாம் நம் துணியை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். சாம்பிராணி போடும் முன் அம்மா ஜன்னல் கம்பியில் கரண்டியால் இரண்டு தட்டு, அவர் ஜன்னலைச் சாத்திக்கொள்வார். "டக் டக், யாருப்பா தட்டுறது?" என்று நீ கேட்டுக்கொண்டே இருப்பாயே, அதுதான் இது. பத்து வருடம் தட்டிக்கொண்டோம். சிநேகிதமெல்லாம் ஆகவில்லை. லிஃப்டில் பார்த்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு எப்படி வந்தார் என்று தாத்தாவிடம் ஒருமுறை கேட்டேன். கேலாங் பக்கத்துக் கம்பத்தில், அந்தக் காலக் கிராமத்தில், வளர்ந்தவர். 1964ல் பத்தொன்பது வயது. ஜூலை 21, நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தில் தொடங்கிய மலாய்க்காரர்-சீனர் கலவரம். அந்த முறை 23 பேர் இறந்தார்கள், 454 பேருக்குக் காயம். செப்டம்பரில் மறுபடியும் வெடித்து இன்னும் 13 பேர். இந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இருக்கும். அவர் சொன்னது குழாயடியை. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் ஒரே குழாய். முந்தின நாள் வரிசையில் வாளி வைத்துவிட்டு வாயடித்தவர்கள், ஊரடங்கைக் கொஞ்ச நேரம் தளர்த்தும்போது தனித்தனியாக வந்து, முகம் பார்க்காமல் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஓடினார்களாம். யாரோ யாரையோ வெட்டிவிட்டார்கள் என்று மணிக்கு ஒரு வதந்தி. அப்போது பேட்டைக்குப் பேட்டை நல்லெண்ணக் குழுக்கள் அமைத்தார்கள். அதில் இவர் எடுபிடி. வீடு வீடாகப் போய், அரிசி இருக்கிறதா, மருந்து வேண்டுமா என்று கேட்பது. வதந்தி சொன்னவரிடம் மட்டும் ஒரு கேள்வி கூடுதல்: "பாத்தியா, கேட்டியா?" அறுபது வருடமாக அந்தக் கேள்வியை அவர் விடவில்லை. 1998ல் அண்டை அயலார் சண்டையைப் பேசித் தீர்க்கும் சமூக சமரச நிலையம் வந்தபோது தொண்டூழியராகப் பெயர் கொடுத்து, பயிற்சிக்கும் போய் வந்தார். பயிற்சியில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்றதற்கு, "வாய மூடுறதுக்குச் சான்றிதழ் கொடுத்தாங்க" என்றார்.

அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டவில்லை. 2011ல் கறி விவகாரம் நினைவிருக்கிறதா? சீனாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று, பக்கத்து இந்தியர் வீட்டுக் கறி வாசனை தாங்கவில்லை என்று புகார் செய்து, அந்தச் சீனக் குடும்பம் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைப்பது என்று சமரசத்தில் முடிந்தது என்ற பழைய செய்தி வெளியே வந்தது. ஊரே கொதித்து, ஆகஸ்ட் 21ந் தேதி எல்லாரும் கறி சமைப்போம் என்று கிளம்பினோம். நானும் வஞ்சிர மீன் குழம்பு வைத்து, கோபத்தில் மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டு, அவருக்கும் ஒரு கிண்ணம் கொண்டுபோனேன். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு, "அவங்க ரெண்டு பேரும் பேசி ஒத்துக்கிட்டது. உனக்கு ஏன் காரம்?" என்றார். தன் அடுப்பைப் பற்றவைக்கக் கடிகாரம் பார்க்க வேண்டுமென்றால் அது விட்டுக்கொடுப்பதா, அடங்கிப்போவதா என்று கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பதில் வரவில்லை. இன்றைக்கும் என் கட்சி அதுதான்.

2013 டிசம்பர் 8ந் தேதி ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹாம்ப்ஷயர் ரோடும் சேரும் இடத்தில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததும், சுமார் 300 பேர் திரண்டு வண்டிகளைக் கொளுத்தியதும் உனக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு தாத்தா என்னையும் கூட்டிக்கொண்டு தேக்காவுக்கு, அந்த லிட்டில் இந்தியா பக்கம், போனார். மதுவுக்குத் தடை, தொழிலாளர் விடுதிகளிலிருந்து வரும் பேருந்துகளும் இல்லை, ஞாயிற்றுக்கிழமைத் தேக்கா அப்படி வெறிச்சென்று கிடந்து நான் பார்த்ததில்லை. எதிர்ப்பட்ட ஒவ்வொரு தம்பியிடமும் "சாப்பிட்டியாப்பா, எந்த ஊரு?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. சிலர் நின்று பேசினார்கள், சிலர் பயந்து ஒதுங்கினார்கள். "கொளுத்துனது தப்புதான். ஆனா எரிஞ்ச வண்டியத்தான் எல்லாரும் பேசுறாங்க. செத்த பையனுக்கு 33 வயசு" என்றார் திரும்பும்போது.

அப்படியே ரேஸ் கோர்ஸ் லேன் காந்தி நினைவு மண்டபம் வரை நடந்தோம். 1950ல் நேரு அடிக்கல் நாட்டிய, 1953ல் திறக்கப்பட்ட கட்டடம். அடிக்கல் நாட்டிய அன்று அப்பா தோளில் உட்கார்ந்து நேருவைப் பார்த்தேன் என்றார். ஐந்து வயதில்! "பாத்தீங்களா, கேட்டீங்களா?" என்றேன். நடைபாதையில் நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "கேட்டதுதான்ப்பா. எங்கம்மா சொல்லும்."

சரி, உன் பக்கத்துக்கு வருகிறேன். கையால் எழுது, எழுத்து பெரிதாக இருக்கட்டும், கண்ணும் மங்கல். படம் பிடித்து அனுப்பினால் போதும், இங்கே அச்செடுத்துக்கொள்கிறேன். இருபதாம் தேதிக்குள் வந்துவிட வேண்டும்.

என்ன எழுதுவது என்று யோசிக்காதே. அந்த மோப்பு காற்றில் விழுந்தது என்றுதான் அன்றைக்கு அவரிடமும் ஆ மா வீட்டிலும் சொன்னேன், அம்மாவுக்கும் இன்றுவரை அதுதான். நம் கழியால் நானே குத்தித் தள்ளியதை நீ சமையலறை வாசலில் நின்று பார்த்தாய். அவர் கிளம்பும்போது உன்னை ஒரு நிமிடம் பார்த்தார், கேட்கவில்லை. நீயும் வாய் திறக்கவில்லை. நான் எழுதினால் இந்த வயதிலும் காற்றைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்வேன். பார்த்தவன் நீ, நீயே எழுது.

அன்புடன்,
அப்பா