மெலிந்த முகத்தில் கத்தி வைக்கும்போது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உடல் எடையைக் குறைப்பது பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி கட்டுரைகள் வருகின்றன. நடைப்பயிற்சி, சிறுதானியம், வாரம் ஒரு முறை போடும் புது ஊசி என்று எல்லாம் எழுதியாயிற்று. எடை குறைந்த பெரியவர் சவரத்துக்கு வந்து உட்காருவது எங்கள் நாற்காலியில். அங்கே என்ன மாறுகிறது என்று இதுவரை யாரும் எழுதிப் பார்க்கவில்லை. கும்பகோணத்தில் அப்பா காலத்திலிருந்து சலூன் நடத்துகிறவன் நான். செவ்வாய்க்கிழமை கடை லீவு, அதனால் நிதானமாக எழுத முடிகிறது.

அறுபதைத் தாண்டியவர் பத்துப் பதினைந்து கிலோ குறைந்து வந்தால் அது நான் பழகிய முகமே இல்லை. முப்பது வயதுக்காரர் இளைத்தால் தோலும் பெரும்பாலும் கூடவே சுருங்கிக்கொள்ளும். வயதானவர் தோலில் அந்த இழுவிசை குறைந்துபோயிருக்கும். உள்ளே இருந்த கொழுப்பு கரைந்துவிடும், மேல்தோல் மட்டும் பழைய அளவிலேயே தங்கிவிடும். கன்னம் குழிந்து, தாடை எலும்பு துருத்தி, கழுத்துத் தோல் தொங்கி, குரல்வளை மணி கூராக முன்னால் நிற்கும். சதைப்பிடிப்பான கன்னம் எங்களுக்குச் சுலபம், கத்தி வைத்தால் தானே விறைத்துக் கொடுக்கும். தொய்ந்த தோல் கத்திக்கு முன்னால் சுருண்டு எழும்பும். எழும்பிய இடத்தில்தான் வெட்டு விழும்.

இந்த மாதிரி முகத்தில் கத்தி பிடிக்கிற வலது கையைவிட, தோலைப் பிடிக்கிற இடது கைக்குத்தான் வேலை அதிகம். உதாரணத்துக்குத் தாடை ஓரம். அந்த எலும்பின் விளிம்பிலேயே கத்தியை ஓட்டக் கூடாது. காதுக்கு அருகில் விரல்களை அழுத்தித் தோலை மேல்நோக்கி இழுத்தால், தாடைக்கு அடியில் ஒளிந்திருந்த முடியெல்லாம் கன்னத்தின் தட்டையான இடத்துக்கு ஏறி வந்துவிடும். அங்கேயே வழித்து முடித்து, கையை விட்டால் தோல் கீழே இறங்கிக்கொள்ளும். குரல்வளை மணிக்கும் இதே கதைதான். மணியின் மேல் ஓட்டாமல் தோலைப் பக்கவாட்டில் ஒதுக்கி, மணியை விட்டு விலகிய இடத்தில் வழிக்க வேண்டும். சோப்பு நுரையில் விரல் வழுக்கினால் எல்லாம் கெட்டது. விரல் நுனியைப் படிகாரத் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் பிடி நிற்கும். கத்தியைச் சுமார் 30 டிகிரி சாய்வில் வைப்பது வழக்கம். மெலிந்தவர்களுக்கு நான் இன்னும் கொஞ்சம் படுக்க வைப்பேன். நீள இழுப்பு கிடையாது. ஒரு விரல் அகலம் இழுத்து, தோலை மறுபடி பிடித்து, அடுத்த இழுப்பு. நேரம் கூடத்தான் ஆகும். பின்னால் காத்திருப்பவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

பல்செட் வைத்திருப்பவர்கள் சலூனுக்கு வரும்போது அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள். தயவுசெய்து போட்டுக்கொண்டு வாருங்கள். பல் இல்லாத குழிக் கன்னத்தில் கத்திக்குப் பிடிமானமே இல்லை. செட் இல்லாதவர்களை வாயில் காற்றை அடக்கிக் கன்னத்தை உப்பச் சொல்வேன். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் இதற்கு வெட்கப்படுவார், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பும் வந்துவிடும். கத்தி கன்னத்தில் இருக்கும்போது சிரிக்கக் கூடாது சார் என்று சொன்னால் இன்னும் அதிகமாகச் சிரிப்பார்.

கத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா வைத்திருந்தது சாணை பிடித்து, தோல்வாரில் தீட்டுகிற முழுக் கத்தி. கனமாக இருக்கும், அதன் கனத்திலேயே இறங்கும். 1986-இல் சென்னையில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட பிறகு மெல்ல மெல்ல விழிப்புணர்வு வந்து, எங்கள் பக்கத்துக் கடைகளும் ஆளுக்கொரு புது பிளேடு போடுகிற கத்திக்கு மாறின. மாறியது நல்லதுதான், அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் பாதியாக ஒடித்துப் போடுகிற பிளேடு, லேசான கத்தியில் இருந்துகொண்டு சட்டென்று கடிக்கும். அதனால் புது பிளேடின் முதல் இழுப்பை நான் தொண்டைப் பக்கம் வைப்பதே இல்லை. கன்னத்தில் தொடங்கி, கை பழகிய பிறகுதான் கீழே இறங்குவேன்.

இன்னொன்று, மரு. பருமனாக இருப்பவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் கழுத்தில் சின்னச் சின்ன மரு வருவது சகஜம். எடை குறைந்தாலும் மரு உதிர்ந்துவிடாது. தொய்ந்த மடிப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும். நுரை போடும் முன் மடிப்பை விரித்து விரலால் தடவிப் பார்க்காமல் கத்தி வைத்தால் அது அறுபடும்.

அறுபட்டால் நிற்காமல் ரத்தம் வருகிறவர்களும் உண்டு. ஸ்டென்ட் வைத்தவர்கள், பக்கவாதம் வந்து மீண்டவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் என்று ஏதாவது ஒரு மாத்திரை சாப்பிடுகிறார்கள். சவரத்துக்கு முன் இதைக் கேட்டால், 'முடி வெட்ட வந்தவனிடம் மருந்துச் சீட்டு எதற்கு' என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். கேட்பது எங்கள் பாதுகாப்புக்கு மட்டும் இல்லை. அப்படிப்பட்டவருக்கு முடி படிந்த திசையில் ஒரே ஒரு முறைதான் வழிப்பேன். மேல்நோக்கி ஏற்றி இன்னொரு முறை வழித்து மொழுமொழுவென்று ஆக்கச் சொன்னால் முடியாது என்றுதான் சொல்வேன். மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், அது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. கடையில் ஒரே படிகாரக் கட்டியை எல்லார் முகத்திலும் தேய்க்கிற பழக்கத்தையும் விட வேண்டும். படிகாரத் தூளைத் தண்ணீரில் கரைத்துப் பஞ்சில் ஒற்றினால் போதுமே.

விரும்பி இளைத்தவர்களைப் பற்றி மட்டுமே இவ்வளவு நேரம் எழுதினேன். விரும்பாமல் இளைக்கிறவர்களும் எங்களிடம் வருகிறார்கள். கழுத்தில் துணியைச் சுற்றிக் கட்டும்போதே தெரிந்துவிடும். எந்த முயற்சியும் செய்யாமல் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் எடையில் 100-க்கு 5 பங்குக்கு மேல் குறைந்தால் பரிசோதிக்க வேண்டும் என்பது டாக்டர்கள் சொல்லும் கணக்கு. சர்க்கரை, தைராய்டு, காசநோய், புற்றுநோய் எதுவாகவும் இருக்கலாம், பல் போனதால் சரியாகச் சாப்பிட முடியாமலும் இருக்கலாம். ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை ஒருவரிடம் இதைச் சொன்னபோது கோபித்துக்கொண்டு சில மாதம் எதிர்க்கடைக்குப் போனார். சர்க்கரை 300-க்கு மேல் இருந்ததாம். இப்போது மறுபடி என் கடைக்குத்தான் வருகிறார், ஆனால் நான் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

கடைசியாக, வீட்டில் படுத்த படுக்கையாக மெலிந்து கிடக்கும் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ சவரம் செய்ய நினைக்கும் பிள்ளைகளுக்கு. கத்தியைத் தொடாதீர்கள். மூன்று பிளேடு ரேசரும் தளர்ந்த தோலை இடுக்கில் இழுத்துக் கிழிக்கும். ஒரு டிரிம்மர் வாங்கி, அடிமட்ட அளவில் வைத்து ஓட்டுங்கள், பிறகு கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். முள்முள்ளாக இருந்தால் இருக்கட்டும். வழவழப்பாகத்தான் வேண்டும் என்று பெரியவர் பிடிவாதம் பிடித்தால் உங்கள் ஊர் சலூன்காரரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், அவர் கேட்கிற கூலியில் பேரம் பேசாதீர்கள்.

இப்படிக்கு,
சலூன் கடைக்காரர்,
கும்பகோணம்.