ஒண்டுக்குச் சைபர்

ரூட்டிங், லண்டன்
ஜூன் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்கள், அண்ணி, பிள்ளையள், அம்மா எல்லாரும் சுகம்தானே. அம்மாவின்ர கண் ஒப்பரேசனுக்குச் சொன்ன காசு போன கிழமையே போட்டுவிட்டன், வங்கியில கேட்டுப் பாருங்கோ. மற்ற வீட்டுக் கதையளைப் போனில கதைப்பம். இந்தக் கடிதம் முழுக்க உதைபந்துக் கதைதான். அண்ணி வாசிச்சால் "உவனுக்கு அங்க வேற வேலையில்லை" எண்டுவா. சொல்லட்டும்.

லண்டனில இருந்துகொண்டு ஆர்சனல், செல்சி எண்டு பார்க்காமல் ஆருக்கும் தெரியாத ஏ.எஃப்.சி. விம்பிள்டன் எண்ட ரீமுக்குப் பின்னால ஏன் திரியிறாய் எண்டு கேட்டனீங்கள். முதல் காரணம் காசு. ஆர்சனல் ரிக்கற் விலைக்கு இஞ்ச ஒரு கிழமைச் சாப்பாட்டை முடிக்கலாம். ரெண்டாவது, என்ர அறையிலிருந்து பிளவ் லேன் மைதானத்துக்கு நடந்தே போயிடலாம். மூண்டாவது அந்தச் சனம். அதைத்தான் ஆறுதலா எழுத வேணுமெண்டு இருந்தனான்.

1988இல லிவர்பூலை ஒண்டுக்குச் சைபரில வெண்டு எஃப்.ஏ. கப் எடுத்த விம்பிள்டனை உங்களுக்குத் தெரியும். லோறி சான்செஸ் தலையால போட்ட கோல், டேவ் பெசன்ற் தடுத்த பெனால்ட்டி எண்டு நீங்கள்தான் எனக்குச் சொல்லித் தந்தனீங்கள். அந்த ரீம் 1991இல சொந்த மைதானத்தை விட்டு வேற கிளப்பின்ர மைதானத்தில வாடகைக்கு விளையாடப் போனது. பிறகு உரிமையாளர்மார் கிளப்பையே மில்ரன் கீன்ஸ் எண்ட ஊருக்குக் கொண்டுபோகக் கேட்க, 2002இல உதைபந்துச் சங்கம் போட்ட ஆணைக்குழு ஓமெண்டு விட்டது. கிட்டத்தட்ட 90 கிலோமீற்றர் தூரம். இளவாலை ரீமைத் தூக்கிக்கொண்டுபோய் மாங்குளத்தில வச்சு, இனி இதுதான் உங்கட ரீம் எண்டு சொன்னால் எங்கட சனம் விடுமே? இவையும் விடேல்ல. சில கிழமைக்குள்ள ஏ.எஃப்.சி. விம்பிள்டன் எண்டு புதுக் கிளப் துவங்கி, விம்பிள்டன் பொதுவெளிப் புல்லில ஆள் தெரிவு வச்சு, லீக் ஏணியின்ர ஒன்பதாம் படியில இருந்து விளையாடத் துவங்கினவை. ஒரு கட்டத்தில 78 லீக் மட்ச் தொடர்ந்து தோற்கேல்ல. 2011இல லூட்டனைப் பெனால்ட்டியில வெண்டு, பெரிய லீக்குகளுக்குள்ள திரும்பி வந்தவை. 2020இல பழைய இடத்துக்குப் பக்கத்தில, நாய் ஓட்டப் பந்தயம் நடந்த காணியில, புது மைதானம் எழும்பினது. காசு குறையேக்க ஆதரவாளர்மார் தங்கட சேமிப்பைக் கடனாக் குடுத்து 50 லட்சம் பவுணுக்கு மேல சேர்த்தவை. பழைய மைதானம் இருந்த இடத்தில இப்ப அடுக்குமாடி வீடுகள்.

இப்பவும் கிளப்பின்ர பெரும்பங்கு ஆதரவாளர் சங்கத்தின்ர கையிலதான். ஆர் எவ்வளவு காசு போட்டாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. அதால இஞ்ச விவாதம் எண்டால் சும்மா வாய்ச்சண்டை இல்லை. மற்ற கிளப்பில சனம் "முதலாளி சரியில்லை" எண்டு ஏசிப்போட்டு வீட்ட போயிடும். இவைக்கு ஏசுறதுக்கு முதலாளி இல்லை, தாங்கள்தான் முதலாளி. அந்தக் கோபத்தை எல்லாம் மனேஜரின்ர பிளானில கொண்டுவந்து கொட்டுகினம்.

எங்கட ரீம் போன சீசனில நாலாம் படியில, லீக் ரூ எண்டதில. மொத்தம் 24 ரீம், ஒவ்வொரு ரீமுக்கும் 46 மட்ச். முதல் மூண்டு நேர மேல போகும். நாலில இருந்து ஏழு வரைக்கும் உள்ளவை தங்களுக்குள்ள பிளே-ஓஃப் விளையாடி ஒரு ரீம் போகும். கடைசி ரெண்டும் கீழ.

மனேஜர் ஜோனி ஜக்சன். அவர் பின்னுக்கு மூண்டு சென்ரர் பெக், ரெண்டு கரையிலும் மேலயும் கீழயும் ஓடுற விங்-பெக், முன்னுக்கு ரெண்டு போர்வேர்ட் எண்டு வச்சவர். நடுவில கப்டன் ஜேக் றீவ்ஸ். பந்தைக் கனநேரம் வச்சிருக்க மாட்டினம். நீட்டாப் போடுவினம், தூரத் த்ரோ எறிவினம், ஒரு கோல் அடிச்சால் கதவைப் பூட்டிவிடுவினம். சீசன் முடியேக்க வாங்கின கோல் 35, முழு லீக்கிலயும் அதுதான் குறைவு. அடிச்சது 56. மேல வந்த ஏழு ரீமிலயும் அதுதான் குறைவு. இந்த ரெண்டு நம்பரையும் வச்சு ஒரு வருசம் சண்டை பிடிக்கலாம், பிடிச்சவை.

என்னோட ஆஸ்பத்திரியில கட்டில் தள்ளுற கிழவர் ஒருத்தர், அவர்தான் என்னை முதல் கூட்டிக்கொண்டு போனவர், 56 கட்சி. "கோல் அடிக்கத் தெரியாத ரீம் மேல போய் என்ன செய்யப் போகுது? பின்னுக்கு நாலு பேரைப் போடு, கரையில உண்மையான விங்கரைப் போடு" எண்டு கோப்பை தேத்தண்ணி ஆற முதல் துவங்குவார். அவர் சொல்லுறதிலயும் ஒரு நியாயம் இருக்கு, அண்ணா. இந்த முறையின்ர உயிர் விங்-பெக்கின்ர காலில. மார்கழி, தை மாசத்துச் சேத்தில சனி, செவ்வாய் எண்டு மாறி மாறி விளையாடி அவை களைச்சால், மேல ஏற மாட்டினம். அப்ப மூண்டு பெக் ஐஞ்சு பெக்காப் போயிடும், முன்னுக்கு நிக்கிற ரெண்டு பேரும் அநாதை.

எங்களுக்கு முன்னால நிக்கிற ஒரு ரிட்டயர்ட் ரீச்சரம்மா 35 கட்சி. பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர மாதிரி ஒரு கோடு போட்ட கொப்பி வச்சிருப்பா. எங்கட பக்கம் எறியிற ஒவ்வொரு தூரத் த்ரோவையும் அதில எழுதுவா. முதல் பந்து ஆரின்ர தலைக்குப் போனது, அது விழுந்த இடத்தில ரெண்டாவது பந்தை ஆர் எடுத்தது எண்டு ரெண்டு நிரல். மழை பெய்தால் கொப்பியைப் பொலித்தீன் பையுக்குள்ள வச்சு, பையுக்குள்ள கையை விட்டு எழுதுவா. கோல் விழுந்து எல்லாரும் துள்ளேக்கயும் முதல் எழுதி முடிச்சுப்போட்டுத்தான் கத்துவா. ஒருநாள் அரைநேரத்தில கிழவர் வழமைபோலத் துவங்க, அவ திரும்பிக்கூடப் பார்க்காமல் கொப்பியைப் பின்னுக்கு நீட்டினா. ரெண்டாவது பந்து நிரலில எங்கட பெயர்தான் கூட. கிழவர் கண்ணாடியைப் போட்டு வடிவாப் பார்த்திட்டு, "இதில கோல் எண்ட நிரல் எங்க?" எண்டு கேட்டார். பக்கத்தில நிண்ட சனம் எல்லாம் சிரிச்சது. அவவும் சிரிச்சா, ஆனால் கொப்பியை வெடுக்கெண்டு வாங்கிக்கொண்டா.

ஆக்களைப் பற்றின சண்டை வேற. ஜோ பிகொற் எண்டு ஒரு போர்வேர்ட். முந்தி இஞ்ச ஒரே சீசனில லீக்கில 20 கோல் அடிச்சுப்போட்டுப் போய், இப்பத் திரும்பி வந்தவர். பழைய சனத்துக்கு அவர் செல்லப்பிள்ளை. இளம் பெடியளுக்கோ அவரின்ர பெயரைக் கேட்டாலே பொறுமை போகுது, மற்றி ஸ்ரீவன்ஸோட ஓடக்கூடிய ஆள்தான் வேணுமாம். ஸ்ரீவன்ஸ்தான் இந்தமுறை கூடக் கோல் அடிச்சவர், அவரைப் பற்றி மட்டும் ஒருத்தருக்கும் குறையில்லை. எனக்கெண்டால் பிகொற் பந்தை நெஞ்சில வாங்கி நிப்பாட்டுற அழகுக்காகவே அவரை விடலாம். நீங்கள் என்னோட சண்டைக்கு வருவீங்கள் எண்டு தெரியும்.

சித்திரை 26 இல போர்ட் வேல் எண்ட ரீம் இஞ்ச வந்தது. அவை வெண்டால் மேல போறது நிச்சயம். ரெண்டுக்குச் சைபரில வெண்டவை. எங்கட மைதானத்தில அவையின்ர சனம் பாடிக்கொண்டு நிக்க, எங்கட சனம் வெளிய வந்து றோட்டில நிண்டு பிடிச்ச சண்டையை நீங்கள் பார்த்திருக்க வேணும். ஒருத்தர் ஜக்சன் போக வேணும் எண்டார். ஒருத்தர், 2022இல மாசக்கணக்கா ஒரு மட்சும் வெல்லாமல் கீழ விழுந்து கிடந்த ரீமை எடுத்து நிமித்தின மனுசனை எப்பிடிப் போகச் சொல்லுவாய் எண்டு பாய்ஞ்சார். இன்னொருத்தர் புரட்டாதியில வந்த வெள்ளத்தை இழுத்தார். வாண்டில் ஆறு பெருகி மைதானத்துக்குள்ள வந்து, புல்லுக்கு நடுவில பெரிய குழி விழுந்தது. நியூகாசிலோட இஞ்ச நடக்க இருந்த கப் மட்ச்சும் அங்க மாத்தினது. வெளி ஊரில அடுத்தடுத்து விளையாடினதிலதான் கால் களைச்சது எண்டது அவரின்ர வாதம். "தண்ணி வத்தி எத்தினை மாசம்!" எண்டு கிழவர் கத்தினார்.

அந்த றோட்டாலதான் எங்கட சனமும் போகும். கிட்டத்தில 1981இல துவங்கின விம்பிள்டன் பிள்ளையார் கோயில் இருக்கு. அண்டைக்குச் சனிக்கிழமை, சீலையும் மல்லிகையுமாப் போன எங்கட அம்மாமார் ரெண்டு பேர், நீலமும் மஞ்சளும் போட்ட சனம் கையை வீசிக் கதைக்கிறதைப் பார்த்திட்டு, "என்ன தம்பி, அடிபாடோ?" எண்டு என்னட்டைக் கேட்டினம். இல்லையம்மா, விங்-பெக் பற்றிக் கதைக்கினம் எண்டு சொன்னன்.

அடுத்த சனி கடைசி மட்ச், தூரத்தில கிறிம்ஸ்பியில. தோத்தால் பிளே-ஓஃபும் கையைவிட்டுப் போகலாம். நானும் கிழவரும் வேலையில. அவர் காதில வயரைச் சொருகிக்கொண்டு கட்டில் தள்ளினார், கட்டிலில கிடந்த நோயாளியும் ஸ்கோர் கேட்டுக்கொண்டு வந்தார். ஒண்டுக்குச் சைபர், எங்கட பக்கம். ஐஞ்சாம் இடம்.

பிளே-ஓஃபில நொற்ஸ் கவுன்ரி வந்தது. அவை பந்தை வச்சுப் பாஸுக்கு மேல பாஸ் அடிக்கிற ரீம், கிழவர் ஆசைப்படுற உதைபந்து. அங்க போய் ஒண்டுக்குச் சைபர். இஞ்ச வந்து ஒண்டுக்குச் சைபர். வைகாசி 26 வெம்பிளியில வோல்சோலோட இறுதி மட்ச். தை மாசம் 12 புள்ளியால முன்னுக்கு நிண்ட ரீம் அது, பாவம். கடனா வந்து கோல் அடிச்சுத் தள்ளின பெடியனை அவன்ர சொந்தக் கிளப் திருப்பிக் கூப்பிட, பிறகு சறுக்கிக்கொண்டே வந்து நாலாம் இடத்தில நிண்டது. இடைவேளைக்குச் சற்று முன்னம் மைல்ஸ் ஹிப்பொலைற் அடிச்சார். மிச்சப் பாதி நேரம் எங்கட பெக்மார் தலையாலயும் நெஞ்சாலயும் காலாலயும் தடுத்துக்கொண்டு நிண்டவை. ஒண்டுக்குச் சைபர். பக்கத்தில நிண்ட கிழவர் அழுதுபோட்டு, மூக்கைத் துடைச்சுக்கொண்டே என்ர காதுக்குள்ள சொன்னார்: "இப்பவும் சொல்லுறன், விங்கர் வேணும்." ரீச்சரம்மாவைக் கூட்டத்தில காணேல்ல. கொப்பி கொண்டு வந்திருப்பா.

மேல போன பிறகாவது ஓயுமெண்டு பார்த்தன், ரெண்டு நாளில புதுச் சண்டை. கீப்பர் ஓவன் குட்மன் கிறிஸ்டல் பலஸில இருந்து கடனா வந்த ஆள், தவணை முடிஞ்சுது. வோல்சோலுக்கு நடந்ததைப் பார்த்த பிறகும் கடன் ஆளை நம்பி ஒரு ரீமைக் கட்டலாமோ எண்டு ஒரு பகுதி. கடன் வாங்காட்டில் எங்கட காசுக்கு அப்பிடி ஒரு கீப்பர் கனவிலயும் கிடைக்காது எண்டு மற்றப் பகுதி. நான் ரெண்டாவது பகுதி. ஆளுக்கு ஒரு வாக்கு வேணுமெண்டால் பணக்கார முதலாளி வரமாட்டார், அவர் வராட்டில் கடன்தான். ரெண்டையும் கேட்கேலாது.

வாற சீசனில லூட்டனும் இதே லீக்கில. 2011இல இவையிட்டைத் தோத்த லூட்டன், இடையில பிறீமியர் லீக் வரைக்கும் போய், அடுத்தடுத்து ரெண்டு வருசம் விழுந்து வந்திருக்கு. 2016இல வெம்பிளியில இவை வெண்ட பிளிமத்தும் மேல இருந்து விழுந்து வந்திருக்கு. அந்த மட்ச்சில கடைசியாப் பெனால்ட்டி அடிச்ச அகின்ஃபென்வா எண்ட மலைபோல மனுசனைப் பற்றி இஞ்ச சின்னப் பிள்ளையும் கதை சொல்லும்.

அண்ணா, நல்லூர்த் திருவிழாவுக்கு என்னோட இருக்கிற ஒருத்தர் ஊருக்கு வாறார். அவரிட்டைக் கீப்பர் கிளவ்ஸ் ரெண்டு சோடி குடுத்துவிடுறன், ஒண்டு பெரியாளுக்கு, ஒண்டு சின்னவனுக்கு. பூட்ஸுக்குக் கால் அளவை மில்லிமீற்றரில எழுதி அனுப்புங்கோ, இஞ்சத்த நம்பரும் அங்கத்த நம்பரும் ஒத்துவராது.

உங்கட ரீமின்ர லெப்ட் பெக் பெடியனை விங்-பெக்கா ஏத்திப் பார்க்கப் போறன் எண்டு சொன்னனீங்கள். அவன் ஏறின நேரம் அவன்ர முதுகுக்குப் பின்னால விழுற பந்துக்கு ஆர் போறது? நடுப் பெக்மார் மூண்டு பேரும் கரைக்கு ஓடக்கூடிய ஆக்களோ, இல்லாட்டில் நிண்டு தலையால அடிக்க மட்டும் தெரிஞ்ச ஆக்களோ? அதை எழுதுங்கோ, பிறகு சொல்லுறன்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி