பேட்டரி மேல் குற்றமில்லை

குமரேசா,

உங்கப்பா காரியம் முடிந்து உன்னை ஏர்போர்ட்டில் விட்டு வந்து எட்டு மாசம் ஆகிறது. ஒரு வரி எழுதவில்லை. நீ இரண்டு முறை கூப்பிட்டபோதும் எடுக்காமல் "மீட்டிங்கில் இருக்கிறேன்" என்று மெசேஜ் போட்டேன். எனக்கு மீட்டிங் ஏதுடா! சரி, திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியம், அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது, சண்முகம் மறுபடி கார் மாற்றிவிட்டான், மறுபடியும் வெள்ளை.

போனில் சொன்னால் நடுவில் சிரித்துக் கெடுப்பாய் என்றுதான் எழுதுகிறேன். நீ ஷார்ஜாவிலிருந்து தோளில் தூக்கி வந்தாயே ஒரு ரிமோட் கார், அதை இரண்டு வருஷம் கழித்துப் பரணிலிருந்து இறக்கினோம். பரிட்சை முடிந்தால்தான் தருவேன் என்று நான் வைத்த நிபந்தனை அது, பையன் மறக்கவில்லை. பதினைந்து நிமிஷம் ஓடும் என்று நீ சொன்ன வண்டி நாலு நிமிஷத்தில் நொண்ட ஆரம்பித்தது. பையன் என்னைப் பார்க்கிறான், நான் மனசுக்குள் உன்னைத் திட்டுகிறேன். மலிவுச் சரக்கை வாங்கித் தலையில் கட்டிவிட்டான் பாவி என்று செல்வியிடம் வாய்விட்டே சொன்னேன். அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளத்தான் இத்தனை பக்கமும்.

முதல் முட்டாள்தனம் சார்ஜர். பெட்டியோடு வந்த குட்டி சார்ஜரில் 250 மில்லி ஆம்பியர் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. பேட்டரி 3000 மில்லி ஆம்பியர்-மணி. செல்போன் மூன்று மணி நேரத்தில் நிறைகிறதே என்று நானும் மூன்று மணி நேரத்தில் பிடுங்கிக்கொண்டிருந்தேன். 3000-ஐ 250-ஆல் வகுத்தால் பன்னிரண்டு மணி நேரம், சூடாக வீணாவதையும் சேர்த்தால் அதற்கு மேலே. அதாவது கால் தொட்டி பெட்ரோல் போட்டுவிட்டு மைலேஜ் இல்லை என்று அழுதிருக்கிறேன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்தவன்! போதாததற்கு அது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, சும்மா கிடந்தாலே தானாக இறங்குகிற ஜாதி. இரண்டு வருஷம் பரணில், ஆஸ்பெஸ்டாஸ் சூட்டில் கிடந்ததை ஒரே நாளில் எழுப்ப முடியாது, மெதுவாக ஏற்றி ஓட்டி இறக்கி, மூன்று நாலு தரம் செய்தால்தான் கொஞ்சமாவது தெளியும். செய்தேன். நாலு நிமிஷம் ஏழானது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். பையன் வீடியோ பார்த்துவிட்டு "அப்பா, லிப்போ போட்டா பறக்கும்" என்றான். லிப்போ என்றால் லித்தியம் பாலிமர் பேட்டரி. ஒரு கடையில் 7.4 வோல்ட் லிப்போ வாங்கினேன், விலையைக் கேட்காதே, செல்வியும் இதைப் படிப்பாள். பறந்தது உண்மை. ஆனால் ஒன்பது நிமிஷம்தான். இதில் ஒரு விஷயத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. லிப்போவில் ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட், 3-க்குக் கீழே விடவே கூடாது. இந்தக் காலத்து ஸ்பீடு கன்ட்ரோலர் அந்த இடம் வந்ததும் பெரும்பாலும் தானே நிறுத்திவிடும். நம் வண்டியில் இருப்பது நிக்கலுக்கென்று செய்த பழசு, அது பாட்டுக்கு உறிஞ்சிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் பேட்டரி பணியாரம் மாதிரி உப்பியிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பையன் சார்ஜரைத் தேடுகிறான்.

குமரேசா, இந்த இடத்தில் விளையாட்டு இல்லை. உப்பிய லிப்போவை மறுபடி சார்ஜ் போட்டால் தீப்பிடிக்கும், குத்தினாலும் பிடிக்கும். பிடித்தால் சாதாரணத் தீ இல்லை, பட்டாசுக் கட்டு மாதிரி சீறும். அவன் படுக்கிற கட்டிலுக்குப் பக்கத்து பிளக்கில் மாட்டியிருந்தால்? அப்படியே வாங்கி மணல் வாளியில் போட்டுக் கிணற்றடியில் வைத்தேன். மூன்று நாள் கழித்து மின்கழிவு எடுக்கிற இடத்தில் கொடுத்தேன். அந்த மூன்று ராத்திரியும் எழுந்து எழுந்து வாளியைப் பார்த்தேன். செல்வி அந்த வாளியையும் சேர்த்துத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டாள்.

அதற்கப்புறம்தான் புத்தி வந்தது. இரண்டு ஜாதி பேட்டரியும் சீக்கிரம் தீர்கிறது என்றால் கோளாறு பேட்டரியிலா இருக்கும்? உங்கப்பாவின் மோட்டார் காயில் கட்டுகிற கணபதி கடையில் யாராவது மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கியதும் நாம் மீட்டரைத் தேடுவோமே, அவர் "முதல்ல ஓட்டி நிறுத்திட்டுக் கையை வைடா" என்பாரே. கரண்ட் எங்கே வீணாகிறதோ அங்கே சுடும், அவ்வளவுதான் அவர் பாடம். இரண்டு நிமிஷம் ஓட்டி நிறுத்திக் கையை வைத்தேன். பேட்டரி வெதுவெதுப்பு. கன்ட்ரோலர் பரவாயில்லை. மோட்டார் சுரீரென்றது, கை வைக்க முடியவில்லை. பேட்டரி வயரின் வெள்ளைக் கனெக்டரும் சூடு, பிரித்துப் பார்த்தால் உள்ளே பின் பழுப்பேறித் தளர்ந்து கிடக்கிறது.

சக்கரங்களைக் கையால் சுற்றினேன். பின்பக்கம் இடது சக்கரம் அரைச் சுற்றில் நின்றுவிட்டது. கழற்றினால் அச்சு முழுக்கத் தலைமுடி, கூடவே தேங்காய் நார், அதற்குள்ளே பேரிங் வறண்டு மணல் கடித்துக் கிடக்கிறது. ஆனால் பெரிய திருடன் அது இல்லை. பினியன் என்பது மோட்டார் தண்டில் மாட்டுகிற பல்சக்கரம். உன் பெட்டியில் ஒரு பையில் இருந்த பெரிய பினியனைப் பையன் எனக்குத் தெரியாமல் மாட்டியிருக்கிறான், வேகம் வேண்டுமாம்! மாட்டியவன் பக்கத்து கியரோடு இறுக்கி அழுத்தி வைத்துவிட்டான். பல்லும் பல்லும் கடித்துக்கொண்டு நிற்கிறது, பாதி கரண்ட் அதைத் தேய்ப்பதற்கே போயிருக்கிறது.

பழைய சின்னப் பினியனை மாட்டினேன். இரண்டு பல்லுக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்து, அழுத்திப் பிடித்து ஸ்க்ரூ முறுக்கி, அப்புறம் சக்கரத்தைச் சுற்றிக் காகிதத்தை வெளியே எடுத்தேன். கிழியாமல் மடிப்பு மடிப்பாக வந்தால் இடைவெளி சரி. பேரிங் புதுசு. வெள்ளைக் கனெக்டரை வெட்டிவிட்டு டி பிளக் வைத்துச் சால்டரிங் செய்தேன், ஒரு நேரத்தில் ஒரு வயர்தான் வெட்டினேன், அந்த ஹாஸ்டல் ஹீட்டர் கதை மறுபடி வேண்டாம் பார். ஒரு வாட் மீட்டரை நடுவில் மாட்டி, சக்கரம் தரையில் படாமல் தூக்கி வைத்து முழு வேகம் கொடுத்தேன். முன்னே 7 ஆம்பியர் காட்டியது, இப்போது 4. ஓடும்போது சராசரி 12 ஆம்பியர் என்றால் 3000 பேட்டரிக்குப் பதினைந்து நிமிஷம், 25 இழுத்தால் ஏழு. நீ சொன்ன பதினைந்து கணக்காகத்தான் இருந்திருக்கிறது, மன்னித்துக்கொள்.

சிமென்ட் களத்தில் இப்போது பதினாலு நிமிஷம் போகிறது. பின்னால் கோரைப்புல்லில் விட்டால் பத்துதான், புல் இழுக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய? கடைசி ஒரு நிமிஷத்தில் மட்டும் சட்டென்று விழுகிறது. ஆறு செல்லையும் தனித்தனியாக அளந்தேன், ஐந்து 1.2 வோல்ட், ஒன்று 0.9. நொண்டின பிறகும் விடாமல் உருட்டியதில் அந்த ஒன்று செத்திருக்கும். அந்த செல்லை மட்டும் மாற்றலாமா, இல்லை புது பேக் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். பழைய ஐந்தோடு புதுசு ஒன்று ஒத்துப்போகாது என்றுதான் தோன்றுகிறது.

இன்னொன்று. ஆம்பியர் பார்க்க முதலில் எடுக்கப் போனது உங்கப்பாவுடைய டாங் டெஸ்டரைத்தான், வயரைக் கவ்விப் பிடித்துக் கரண்டைக் காட்டுமே அது. நீ கொடுத்த சாவியோடு எட்டு மாசத்தில் முதல் தடவையாகக் கடை ஷட்டரைத் தூக்கினேன். டெஸ்டர் ஆணியில் அப்படியே தொங்குகிறது. அது ஏசி கரண்டுக்கு மட்டும், பேட்டரிக்கு ஆகாது என்பது வீட்டுக்கு வந்து மாட்டிய பிறகுதான் உறைத்தது. உள்ளே வார்னிஷ் வாசம் போகவில்லை. பாதி காயில் கட்டின மோட்டார் ஸ்டேட்டர் ஒன்று மேஜை மேலேயே இருக்கிறது, யாருடையது என்று தெரியவில்லை, சீட்டும் கட்டவில்லை.

நான் உள்ளே நிற்கும்போதே கட்டிடத்தின் சொந்தக்காரர் வந்துவிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். வாடகை எதுவும் வேண்டாம், அட்வான்ஸை முழுசாகத் தருகிறேன், தை பிறப்பதற்குள் காலி செய்து கொடுத்தால் போதும் என்றார். உன்னிடம் நேரில் சொல்ல அவருக்குச் சங்கடமாம். எனக்கும்தான். ஒரு வாரமாக இதை எழுதத்தான் உட்கார்கிறேன், கார் கதையாகவே நீண்டுகொண்டு போகிறது.

காயில் சுற்றுகிற கை மெஷினை என் வீட்டில் வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது, செல்வியிடம் கேட்டுவிட்டேன். வைஸ் கனம், அதற்கு ஆள் வேண்டும். செப்புக்கம்பி முப்பது கிலோவாவது தேறும், விற்கவா, வேண்டாமா? டாங் டெஸ்டரை மறுபடி ஆணியில் மாட்டவில்லை, என்னிடம்தான் இருக்கிறது. மார்கழியில் லீவு கிடைக்குமா என்று பார்த்துச் சொல். கூப்பிட்டால் இந்த முறை எடுப்பேன்.

உன்,
செந்தில்