உள்ளரங்க இருப்பிடக் கருவிகளைச் சோதிக்கும் ஆய்வகங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் சரியாக எடுபடாது. அதனால்தான் உள்ளே ஆள் எங்கே நிற்கிறார் என்று காட்ட வைஃபை, புளூடூத் பீக்கன் (சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும் சின்னக் கருவி), யுடபிள்யூபி (மிக அகன்ற அலைவரிசையில் இயங்கும் ரேடியோ முறை) என்று இத்தனை வழிகள். எதை வாங்குவது என்று என்னைப் போன்றவர்கள் முடிவு செய்வது உங்கள் சோதனை அறிக்கையைப் பார்த்துத்தான். அதன் முதல் பக்கத்திலேயே 'சராசரிப் பிழை 2 மீட்டர்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும்.

பத்து அளவீடுகளில் ஒன்பது 1 மீட்டர் தள்ளி வந்து, ஒன்று மட்டும் 11 மீட்டர் தள்ளி வந்தாலும் சராசரி அதே 2 மீட்டர்தான். புகைக்குள் விழுந்து கிடப்பவரைத் தேடிப் போகும் தீயணைப்பு வீரருக்கு அந்தப் பத்தாவது அளவீடுதான் வாய்த்தால்? உள்ளரங்க இருப்பிட ஆய்வுக்கான ஐபின் (IPIN) சர்வதேச மாநாட்டுப் போட்டிகளில் சராசரியை வைத்து மதிப்பெண் போடுவதில்லை. நான்கில் மூன்று பங்கு அளவீடுகள் எந்தப் பிழைக்குள் அடங்குகின்றன என்று பார்க்கிறார்கள். மாடியைத் தவறாகச் சொன்னால் மாடிக்கு 15 மீட்டர் அபராதம். நியாயம்தானே? கிடைமட்டத்தில் புள்ளி கச்சிதமாக இருந்து என்ன, ஆள் மேல்மாடியில் நின்றால்!

இன்னொன்று. வைஃபை கைரேகை முறையில் ஒவ்வொரு இடத்திலும் எந்த ரவுட்டரின் சிக்னல் எவ்வளவு என்று முதலில் பதிவு செய்கிறீர்கள்; பிறகு போனுக்கு வரும் சிக்னலை அந்தப் பதிவோடு ஒப்பிட்டுத்தான் இடம் தெரிகிறது. அன்று மதியமே, அதே ஆள், அதே போனோடு, அதே வழியில் நடந்து சோதித்தும் முடித்துவிடுகிறீர்கள். வகுப்பில் போட்ட கணக்கையே பரீட்சையிலும் கேட்ட கதைதான் இது. போன் மாறினாலே சிக்னல் அளவு மாறும். அவ்வளவு ஏன், பீக்கனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று பாருங்கள்: உடம்பில் இருக்கும் தண்ணீர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சிக்கொள்ளும், திரையில் உங்கள் புள்ளி நகர ஆரம்பிக்கும். பீக்கனைச் சோதிக்கும்போது நீங்களோ ஆளில்லாத தாழ்வாரத்தில், டிரைபாடில் போனை நிறுத்தி அளக்கிறீர்கள்.

இதற்கெல்லாம் வழிமுறை இல்லாமல் இல்லை. இருப்பிடக் கருவிகளை எப்படிச் சோதிப்பது என்று சொல்லும், 2016-இல் வந்த ஐஎஸ்ஓ/ஐஇசி 18305 என்ற சர்வதேசத் தரநிலை நடப்பது, ஓடுவது, தவழ்வது, லிஃப்டில் போவது வரை யோசித்து வைத்திருக்கிறது. முழுவதையும் செய்யச் செலவாகும், ஒப்புக்கொள்கிறேன். சரி, விட்டதை விட்டதாகவாவது எழுதுங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். போன முறை சோதித்த கட்டடத்துக்கு மூன்று மாதம் கழித்து, வேறொருவர் கையில் வேறு போனைக் கொடுத்து அனுப்புங்கள். இதற்குள் அலமாரியை நகர்த்தியிருப்பார்கள், ரவுட்டரை மாற்றியிருப்பார்கள். பழைய சிக்னல் பதிவை வைத்தே அளந்து, அந்த இரண்டாவது அறிக்கையையும் முதலாவதோடு சேர்த்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அறிக்கையை நம்பி வாங்கும் ஒருவன்